எச்சத்தில் எவ்வளவு மீதி?

அன்புள்ள ஐயா,

மீன் தீவனம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் திலேப்பியா வளர்க்கிறேன். புதிய தீவனத்தைத் தின்ற மீன்கள் முன்னைவிட இரண்டு மணி நேரம் முந்தியே எச்சமிடுகின்றன. அது நன்றாகச் செரிக்கிறது என்று கொள்ளலாமா? தொட்டியடியில் சேரும் எச்சத்தைக் காலையில் அள்ளிச் சோதனைக்கு அனுப்பினால் போதுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு, கொள்ளக்கூடாது என்பதே விடை. தீவனம் குடலைக் கடக்கும் வேகம் வேறு, அதிலிருந்து உடல் எடுத்துக்கொண்ட பங்கு வேறு. நீர் சற்றுச் சூடேறினாலே குடல் விரைவில் காலியாகிவிடும். கடிகாரத்தை வைத்துத் தீவனத்தின் தரத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

ஆனால் ‘காலையில் அள்ளி’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. மாணவனாக இருந்தபோது நானும் விடியற்காலையில் ரப்பர் குழாயை வைத்துத் தொட்டியடியை உறிஞ்சியவன்தான். இரவெல்லாம் ஊறிய எச்ச இழைகள் குழாயின் வாய் பட்டதுமே புகைபோலக் கலைந்துபோகும். கலையாமல் மிஞ்சியதை வடிகட்டி, உலர்த்தி, கணக்குப் போட்டபோது புரதச் செரிமானம் 90 விழுக்காட்டைத் தாண்டியது. பெருமையோடு நீட்டிய தாளை என் ஆசிரியர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதில் மீன் செரித்தது எவ்வளவு, தண்ணீர் செரித்தது எவ்வளவு?” என்று கேட்டார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கணக்கைப் பாருங்கள். குரோமிக் ஆக்சைடு போன்ற குறிப்பான் ஒன்றை, அதாவது செரிக்காமல் முழுதும் எச்சத்தோடு வெளிவரும் பொருளை, தீவனத்தில் 0.5 விழுக்காடு கலக்கிறோம். அது உலர்ந்த எச்சத்தில் 2 விழுக்காடாகச் செறிந்திருந்தால், தின்றதில் கால் பங்குதான் வெளியேறியது என்று பொருள். தீவனத்தில் புரதம் 32, எச்சத்தில் 16 விழுக்காடு என்றால் கால் பங்கில் பாதி, அதாவது எட்டில் ஒரு பங்கு புரதமே வெளியேறியது; புரதச் செரிமானம் 87.5 விழுக்காடு. அந்த 16 பங்கில் வெறும் 4 பங்கு நீரில் கரைந்துபோனாலும் கணக்கு 90.6 என்று காட்டும். மீன் அதே மீன், தீவனமும் அதே தீவனம். நீங்கள் தாமதமாக வந்ததற்குத் தீவனத்திற்கு மதிப்பெண் கிடைக்கிறது! இதைத் தெரிந்துகொண்டே செய்தால் அது சோதனையல்ல, ஏமாற்று வேலை.

வயிற்றை அழுத்தி எச்சத்தைப் பிதுக்கி எடுக்கலாமே என்பீர்கள். செரித்து முடியாத உணவும் சளியும் சிறுநீரும் சேர்ந்து வந்து, கணக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, செரிமானத்தைக் குறைத்துக் காட்டும். போதாக்குறைக்கு மீனும் மிரண்டுபோகும். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை அசைவற்ற படிவுக்குழாய் ஒன்றின் வழியே செலுத்தி, கலையாத எச்சத்தை அதன் அடியில் பிடிக்கும் முறையே எனக்குப் பிடித்தது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவானது அது. குற்றமே இல்லாத முறையல்ல, ஆனால் குற்றம் எந்தப் பக்கம் என்பதாவது தெரியும்.

ஆகவே குறிப்பான் கலந்த தீவனத்தை ஒரு வாரம் கொடுத்துப் பழக்குங்கள். அதற்குப் பிறகு, கடைசித் தீனி போட்டதும் தின்னாமல் கிடப்பதையெல்லாம் அப்புறப்படுத்தி, படிவுக்குழாயைக் கழுவிவிட்டு, தொட்டியருகிலேயே இருங்கள். எச்சம் படியப் படிய எடுத்து உடனே உறைய வையுங்கள். தூக்கம் கெடும்தான்.