குளோஸ் போட்டும் எழும்பாத திரெட்: வாசகர் கேள்வி-பதில்

லினக்ஸ், சி மொழி. ஒரு திரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) சொக்கெட்டில் (வலைத் தொடர்பின் முனை) தரவு வாங்கும் ரிசீவில் காத்து நிற்கிறது. இன்னொன்றில் இருந்து அந்தச் சொக்கெட்டுக்கு குளோஸ் போட்டேன், அது எழும்பவேயில்லை. (கொக்குவில் மாணவர்)

எழும்பாது தம்பி. ரிசீவுக்குள் போன சொக்கெட்டை கேர்னல் (ஓஎஸின் கரு) பிடித்து வைத்திருக்கும். நீர் போட்ட குளோஸால் சொக்கெட்டுக்கு கேர்னல் தந்த இலக்கம் மட்டும்தான் விடுபட்டது; மறுமுனைக்கு ஃபின் (தொடர்பு முடிகிறது என்ற சைகை) கூடப் போயிராது. முதலில் இரண்டு திசைக்கும் ஷட்டவுண் (தொடர்பை நிறுத்தும், இலக்கத்தை விடாது). ரிசீவ் பூச்சியத்தோடு திரும்பும். திரெட்டை ஜொயின் பண்ணும் (அது முடியும்வரை காத்திரும்). பிறகுதான் குளோஸ்.

என்ர புரோகிராம் சில நேரம் தொங்குது. என்ன பிழை? (சுன்னாகம்)

எந்த மொழி, எந்த ஓஎஸ், எந்த வரியில்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் சாத்திரியாரிடம்தான் போகவேணும்.

ஜாவாவில் இன்டரப்ட் (திரெட்டை நிறுத்தச் சொல்லும் சைகை) கொடுத்தும் ரீட் விடுகுதில்லை. (மானிப்பாய்)

வழமையான திரெட்டில் சாதாரண சொக்கெட் ரீட்டுக்கு இன்டரப்ட் கேட்காது பிள்ளை. சொக்கெட்டையே குளோஸ் பண்ணும். ரீட் சொக்கெட் எக்செப்ஷன் என்ற பிழையோடு வெளியே வரும். ஜாவா அதற்கு உத்தரவாதம் தருகிறது, கோ மொழியும் அப்படியே. பைதன்காரர் இதைப் பார்த்துப் பழகவேண்டாம், உங்களுக்கு ஷட்டவுண்தான்.

குளோஸ் பண்ணினால் அடுத்த ரிசீவில் பிழைக் குறியீடு வரும், அதோடு திரெட்டை முடிக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். இதுதான் வழமை என்கிறார் எங்கள் சீனியர். ஆனால் எப்போதாவது வேறு வாடிக்கையாளரின் தரவு வருகிறது. (சாவகச்சேரி)

வழமையாம்! இதை எத்தனை தரம் எழுதியாயிற்று. டிஸ்கிரிப்டர், அதாவது திறந்த சொக்கெட்டுக்கோ கோப்புக்கோ கேர்னல் தரும் அடையாளம், வெறும் இலக்கம். விடுபட்டதில் மிகச் சிறியதைத்தான் கேர்னல் அடுத்துக் கேட்பவருக்குத் தூக்கிக் கொடுக்கும். உங்கள் வாசிப்புத் திரெட் 7-இல் வந்த தரவைப் பிரித்துக்கொண்டிருக்கிறது. மற்றத் திரெட் வந்து 7-ஐ குளோஸ் பண்ணுகிறது. அந்த இடைவெளிக்குள் அக்செப்ட் (புதுத் தொடர்பை ஏற்கும் அழைப்பு) புது வாடிக்கையாளருக்கு 7-ஐயே கொடுக்கிறது. வாசிப்புத் திரெட் சுற்றி வந்து மறுபடி 7-இல் ரிசீவ் போடுகிறது. பிழைக் குறியீடு எங்கிருந்து வரும்? 7 செல்லுபடியான இலக்கம்தானே!

வாசிப்போடு நின்றால் தப்பினீர்கள். அந்த 7 தரவுத்தளக் கோப்பாக இருந்து நீங்கள் ரைட் போட்டால் கோப்பே நாசம். எஸ்கியூலைட் (தரவுத்தள மென்பொருள்) ஆக்கள் தங்கள் கோப்புக் கெடும் வழிகளில் இதையும் எழுதியே வைத்திருக்கிறார்கள். சோதனையில் லேசில் பிடிபடாது. சனம் நெருக்கும் நேரம்தான் வெடிக்கும். சீனியரிடம் சொல்லுங்கள்: ஷட்டவுண், ஜொயின், குளோஸ். குளோஸ் போடும் உரிமை ஒரேயொரு திரெட்டுக்கு.

அக்செப்டில் நிற்பதை எழுப்புவது? (பருத்தித்துறை)

லினக்ஸில் ஷட்டவுண் எழுப்பும், மக் ஓஎஸில் எழுப்பாது. இரண்டிலும் ஓடவேணுமென்றால் ஒரு பைப்பையும் (புரோகிராமுக்குள்ளேயே பைட் அனுப்பும் குழாய்) சேர்த்து போலில் (பலதை ஒரே நேரம் கவனிக்கும் அழைப்பு) காத்திருங்கள்; நிறுத்த ஒரு பைட் எழுதினால் போதும்.

மறுமுனையில் கரண்ட் போனால் ரிசீவ் எவ்வளவு நேரம் நிற்கும்? (நல்லூர்)

சும்மா விட்டால் முடிவேயில்லை. கீப்அலைவ் (மறுமுனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வசதி) போட்டாலும் லினக்ஸின் இயல்பு அளவில் இரண்டே கால் மணித்தியாலம் மட்டில் போகும். அளவுகளைக் குறையுங்கள், அல்லது ரிசீவுக்கு நேர வரம்பு வையுங்கள்.

குளோஸ் இடையூறுப் பிழையோடு (நடுவில் சிக்னல் குறுக்கிட்டது) திரும்பினால் மறுபடி போடலாமா? (கோப்பாய்)

லினக்ஸில் கூடாது. இலக்கம் அப்பவே விடுபட்டுவிட்டது. இரண்டாம் தரம் நீங்கள் மூடுவது வேறு யாருடையதோ. சாவகச்சேரிக்காரருக்கு எழுதியதை வடிவாக வாசியுங்கள்.