தனி வீட்டில், நம் விருப்பப்படி: மாற்றுத்திறனாளிகள் கேள்வி பதில்

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறும்போது, பிரேக் போட்டிருந்தும் வண்டி நகர்கிறது. பிரேக்கை மாற்றிவிடலாமா?

முதலில் டயரில் காற்றைப் பாருங்கள். பிரேக் டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று குறைந்தால் ரப்பர் உள்வாங்கி, பிடி தளர்ந்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குக் காற்றடித்தும் நகர்ந்தால்தான் பிரேக்கை டயர் பக்கம் தள்ளி முடுக்க வேண்டும். வரிசை மாறினால், காற்றடித்த பிறகு பிரேக் போடவே வராது.

அடுத்தது நிறுத்தும் விதம். கட்டிலுக்குச் சுமார் 30 டிகிரி சாய்வாக வண்டியைக் கொண்டுவந்து, கொஞ்சம் பின்னால் உருட்டி நிறுத்துங்கள். முன்னாலிருக்கும் சின்னச் சக்கரங்கள் முன்பக்கம் திரும்பிக்கொள்ளும். நீங்கள் முன்னால் சாயும்போது வண்டி குப்புறக் கவிழாது. வண்டியில் கட்டில் பக்கமாக இருக்கும் கைதாங்கியையும் கால்தாங்கியையும் கழற்றிவிடுங்கள். கட்டிலுக்கும் வண்டிக்கும் நடுவே பாலம்போலப் பலகை வைத்து மாறுபவர் என்றால், அதன் ஒரு முனை தொடைக்கடியில் நன்றாக நுழைந்திருக்க வேண்டும், மறுமுனை இருக்கையில் உறுதியாகப் படிய வேண்டும். பலகையின் விளிம்புக்கடியில் விரலை விடாதீர்கள், நசுங்கும். தலை ஒரு பக்கம் போனால் இடுப்பு எதிர்ப்பக்கம் போகும். அதைப் பயன்படுத்தி, சின்னச் சின்னதாகத் தூக்கித் தூக்கி நகருங்கள். வெற்றுத் தோலோடு பலகையில் இழுத்தால் தோல் உரியும். உணர்வில்லாத இடத்தில் உரிந்தது உங்களுக்கே தெரியாது.

வாசலில் 15 செ.மீ. உயரப் படி. சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

1:12 கணக்கில், அதாவது 1 செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம் என்றால், 180 செ.மீ. ஆனால் பலர் கோட்டைவிடுவது மேலே கதவருகில்தான். அங்கே 150 செ.மீ. சமதளம் இல்லாவிட்டால், ஒரு கையால் பூட்டைத் திறக்கும்போது வண்டி பின்னால் உருளும்.

குளியலறைக் கைப்பிடியை டைல்ஸிலேயே ஒட்டலாமா?

வேண்டாம். உறிஞ்சி ஒட்டும் வகை எப்போது கழன்றுவரும் என்று சொல்ல முடியாது. உடல் எடையை அதில் போடக் கூடாது. துண்டு போடும் கம்பியும் அப்படித்தான். டைல்ஸைத் துளைத்து, பின்னாலிருக்கும் செங்கல் அல்லது கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் இறங்க வேண்டும். தரையிலிருந்து 84 முதல் 91 செ.மீ. உயரம், சுவருக்கும் கம்பிக்கும் நடுவே சுமார் 4 செ.மீ. இடைவெளி. அதற்கு மேல் விட்டால், வழுக்கும்போது முழங்கை வரை உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்.

வீல்சேர் இருக்கைக்கு நல்ல காற்று மெத்தை வாங்கியும் அழுத்தப் புண் வருகிறதே?

காற்றை அதிகமாக அடித்திருப்பீர்கள், அல்லது குறைவாக. உட்கார்ந்த நிலையில் மெத்தைக்கும் உங்களுக்கும் நடுவே கையை விட்டு, புட்டத்தில் மிகத் தாழ்ந்திருக்கும் எலும்பைத் தேடுங்கள். அதற்கும் அடித்தளத்துக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. வரை இருக்க வேண்டும். மெத்தை சரியாக இருந்தாலும் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னாலோ பக்கவாட்டிலோ சாய்ந்து, 2 நிமிடம் அப்படியே இருங்கள். கையை ஊன்றிச் சில நொடி எழும்புவதால் ரத்த ஓட்டம் முழுசாகத் திரும்பாது, தோள்பட்டைதான் தேயும். சிவந்த இடம் அழுத்தினாலும் வெளுக்கவில்லையென்றால், சரியாகும்வரை அதன்மேல் உட்காரக் கூடாது.

உதவியாளர் இல்லாமல் என் மகனால் எழுந்து உட்காரவே முடியாது. தனி வீடு கேட்கிறான். அது எப்படித் தனி வாழ்க்கையாகும்?

ஆகும். 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில் உருவான சுதந்திர வாழ்வு மையத்தின் முன்னோடி எட் ராபர்ட்ஸ், போலியோவால் கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் செயலிழந்தவர். ஒருவர் எத்தனை வேலையைத் தானே செய்கிறார் என்பது கணக்கல்ல. எதை, எப்போது, யார் செய்ய வேண்டும் என்பதை அவர் முடிவுசெய்கிறாரா என்பதுதான் கணக்கு. எனவே ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வேலை சொல்வதும் மகனாக இருக்கட்டும், நீங்கள் அல்ல. ஒரே ஆளை நம்ப வேண்டாம். அவருக்குக் காய்ச்சல் வந்தால் மகன் படுக்கையிலேயே கிடப்பார். இரண்டாவது ஆளுக்கும் இப்போதே பழக்கிவிடுங்கள். உதவியாளருக்கு எழுதித்தரும் வேலைத்தாளில் ‘சட்டை போட்டுவிடு’ என்றால் போதாது. ஒரு கை மற்றதைவிடப் பலவீனம் என்றால், பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில் என்று எழுத வேண்டும்.

தண்டுவடக் காயம் மார்பு மட்டத்தில் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ என்றால், ரத்த அழுத்தம் திடீரென ஆபத்தாக ஏறலாம். அதனால் தாளின் முதல் வரி இது: திடீர்த் தலைவலி, முகத்தில் வியர்வை, சிவப்பு வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவை, கால்களைத் தொங்கவிடு, இறுக்கமான துணியைத் தளர்த்து, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பார். தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழை.