தண்ணீர் கம்மியான செம்மண் மனையில் வருஷம் பூராவும் பூக்கிற செடி எது?

காரைக்குடிப் பக்கம் புது வீடு, சுற்றிலும் காய்ந்த செம்மண், லாரித் தண்ணீர்தான், இலை உதிராமல் பூக்கிற செடி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அரளி. கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம் என்று சொல்ல வந்தேன். வீட்டில் சின்னப் பிள்ளை இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் கண்ணைத் திறந்துகொண்டே வையுங்கள்.

கானாடுகாத்தானில் எங்கள் பின்கட்டு வேலியோரம் எட்டு செவ்வரளி நிற்கிறது. வைத்தது பதினொன்று. முதல் வருஷம் தினமும் சாயந்திரம் டியூபைப் பிடித்து அஞ்சு நிமிஷம் நனைத்தேன். மேலே ஒரு சாண்தான் ஈரம், வேரும் அங்கேயே நின்றுவிட்டது. சித்திரையில் பதினைந்து நாள் சென்னை போய்த் திரும்பினால் மூன்று செடி குச்சியாகிக் கிடந்தது. அப்புறம் வட்டப்பாத்தி கட்டி, வாரம் ஒரு தரம் செடிக்கு ரெண்டு வாளி நின்று இறங்குகிற மாதிரி ஊற்றினேன். இப்போது கோடையில் இருபது நாளைக்கு ஒரு தரம், அவ்வளவுதான்.

அரளி இலையைத் திருப்பிப் பாருங்கள். மூச்சு விடும் துளைகள் அடிப்பக்கத்தில் மயிர் மூடிய குழிகளுக்குள் ஒளிந்திருக்கும், அனல் காற்றுக்கு ஈரம் லேசில் சிக்காது. நாலுவழிச் சாலை நடுவில் இதையே நட்டிருப்பது சும்மா இல்லை.

ஐப்பசி மழை பிடிக்கும்போது பென்சில் கனத்தில் முக்கால் அடிக் குச்சி வெட்டி ஊன்றுங்கள். உங்களுக்கும் அடியில் செம்புராங்கல் தட்டினால் கடப்பாரையால் ரெண்டடிக் குழி போட்டு, ஊரணி வண்டலும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். செடி வளர்ந்ததும் கவனியுங்கள், கணுவுக்கு மூன்று இலை இருக்கும். அதற்கு மேலே வெட்டினால் ரெண்டு மூன்று கிளை வெடிக்கும், பூ புதுக்கிளை நுனியில்தான். நான் புரட்டாசியில் மட்டம் தட்டுவேன். நீலக் கண் இரண்டு வரைந்த மாதிரி தடித்த பச்சைப் புழு வரும், குச்சியால் எடுத்துப் போட்டால் போதும்.

இனி விஷயம். பூ, இலை, பால், பட்டை எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். ஆடு வாய் வைக்காது, அதனால் வேலிக்கு நல்லது. ஆனால் வெட்டிய கிளை காய்ந்தாலும் விஷம் போகாது. ஒரு தரம் வேலையாள் கழித்த கிளையை வைக்கோல் படப்பு ஓரம் போட்டுவிட்டார், அப்பத்தா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. அடுப்பிலும் போடாதீர்கள், புகையும் ஆகாது. 2024 மே மாதம் கேரளக் கோயில்களைப் பார்த்துக்கொள்கிற திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டே நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ வேண்டாம் என்று நிறுத்திவிட்டது. மஞ்சள் அரளி வேறு செடி, காய் காய்க்கும், பிள்ளைகள் பொறுக்கும். அதை வைக்கவே வேண்டாம்.

பிள்ளை கண்டதை வாயில் போடுகிற வயசென்றால் ரெண்டு வருஷம் பொறுத்து அரளி வையுங்கள். அதுவரை ஆவாரை போதும், அதுவும் வறட்சிக்கு அசையாது.

அப்பத்தா இன்றைக்கும் காலையில் பிள்ளையாருக்கு அரளிதான் பறிக்கிறார். பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காப்பி டம்ளரைத் தொடமாட்டார்.