மோட்டாரை எந்த உயரத்தில் அணைப்பது?

கேள்வி: சேலம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் இருக்கிறேன். ரிமோட்டில் இயக்கும், இரண்டு மீட்டர் இறக்கை உள்ள ஃபோம் எலக்ட்ரிக் கிளைடர் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஏற்காடு போய் மலைச்சரிவுக் காற்றில் விடுவேன்; அரை மணி நேரம்கூட நிற்கும். மண்டல அளவில் நடக்கும் எஃப்5ஜே போட்டியில் (மோட்டாரால் அதிகபட்சம் 30 விநாடி ஏறி, அதை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மிதக்கும் கிளைடர் போட்டி) கலந்துகொள்ள ஆசை. இந்தக் கிளைடர் போதுமா, நாலு மீட்டர் கார்பன் மாடல் வாங்க வேண்டுமா? 30 விநாடியும் மோட்டாரை ஓட்டி மேலே போய்விட்டால் பத்து நிமிடம் தாங்காதா ஐயா?

பதில்: கிளைடர் போதும். எஃப்5ஜேயில் இறக்கை நீளம் நாலு மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. சின்னதாக இருக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கார்பன் மாடல் கொஞ்சம் மெதுவாக இறங்கும், காற்றை எதிர்த்து நன்றாக ஊடுருவிப் போகும், உண்மைதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் காசில் ஒரு சிறு பங்கை எடுத்து, இந்தப் போட்டிக்கென்றே செய்த உயரமானி ஒன்றை வாங்கி உங்கள் ஃபோமில் பொருத்துங்கள். முதல் வருஷத்துக்கு அது தரும் பாடம் பெரிது. மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, எந்த உயரத்தில் அதை அணைத்தீர்கள் என்பதை அது பதிந்து வைக்கும். போட்டியிலும் அந்த எண்ணை வைத்துத்தான் புள்ளியைக் கழிப்பார்கள்.

கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு புள்ளி; பத்து நிமிட ஆட்ட நேரத்துக்கு அதிகபட்சம் 600. 200 மீட்டர் வரை ஏறும் ஒவ்வொரு மீட்டருக்கும் அரைப் புள்ளி போகும். அதற்கு மேல் மீட்டருக்கு மூன்று புள்ளி. இறக்கத்துக்குத் தனியாக 50 வரை உண்டு.

இதைப் படித்ததும் பலரும் "அப்படியானால் தாழ்வாக அணைத்தால் லாபம்" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கணக்கு அப்படி வராது. காற்று அசையாமல் கிடக்கும்போது கிளைடர் விநாடிக்கு அரை மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் உயரம் இரண்டு விநாடி தரும், அதாவது இரண்டு புள்ளி. அதற்கு நீங்கள் கட்டும் விலை அரைப் புள்ளிதான். 30 விநாடியில் 200 மீட்டர் ஏறி, அங்கிருந்து 400 விநாடி இறங்கி வந்தால் 430. அபராதம் 100 போக 330 மிச்சம். 80 மீட்டரில் அணைத்தவர், ஏறிய நேரத்தையும் சேர்த்து, சுமார் 170 விநாடியில் தரைக்கு வந்துவிடுவார். 40 போக 130தான். செத்த காற்றில் உயரம்தான் ஜெயிக்கும்.

தெர்மல், அதாவது தரைச் சூட்டில் மேலெழும் காற்று, கிடைத்தால் கதை தலைகீழ். 80 மீட்டரில் அணைத்துத் தெர்மலில் ஏறிப் பத்து நிமிடமும் நின்றவருக்கு 560. அதே தெர்மலுக்கு 200 மீட்டரில் வந்து சேர்ந்தவருக்கு 500. இருவரும் பத்து நிமிடம் பறந்திருப்பார்கள், ஆனால் 60 புள்ளி வித்தியாசம். ஆகவே எந்த உயரத்தில் அணைப்பது என்பதற்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. கிளைடரை எறிவதற்கு முன்பே காற்றைப் பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும். 200ஐத் தாண்டுவது மட்டும் எந்தக் கணக்கிலும் கட்டாது: இரண்டு புள்ளி வாங்க மூன்று புள்ளி கொடுப்பீர்கள். பத்து நிமிடம் தாங்குமா என்று கேட்டீர்களே, 200 மீட்டரிலிருந்தும் தெர்மல் இல்லாமல் தாங்காது.

இன்னொரு கண்ணி. மோட்டாரை அணைத்த பிறகு 10 விநாடிக்குள் எட்டும் உச்சியும் கணக்கில் சேரும். வேகமாக ஏறிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைத்தால் அந்த வேகத்திலேயே மேலும் சில மீட்டர் போய்விடும். 100ல் நிற்க நினைத்தால் முன்கூட்டியே மூக்கைத் தாழ்த்தி, அப்புறம் அணையுங்கள்.

சரி, காற்றைப் பார்ப்பது எப்படி? ஏறுகிறதா இறங்குகிறதா என்று பீப் ஒலியில் சொல்லும் வேரியோவுக்குப் போட்டியில் இடமில்லை. கண்ணும் தோலும்தான். உங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். ஜனவரி முதல் மார்ச் வரை, காலை வெயில் ஏறித் தரை சூடானதும் பாருங்கள். உழுது போட்ட செம்மண் காடு, தண்ணீர் பாய்ந்த வயலைவிட முந்திச் சூடாகும். இரண்டும் சந்திக்கும் வரப்போரம் தெர்மல் கிளம்ப வாய்ப்பு அதிகம். சேகோ பேக்டரிகளின் களம் காலியாக இருந்தால் நன்றாகச் சுடும். வெள்ளையாக ஜவ்வரிசி காய்கிறதென்றால் நான் அதை நம்பிப் போக மாட்டேன், வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். கரும்பருந்து இறக்கையை அடிக்காமல் வட்டமிட்டு உயர்ந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

இவை எதுவும் கண்ணில் படாதபோது கம்பில் கட்டிய நாடாவைப் பாருங்கள். தெர்மல் கிளம்பும் இடத்தை நோக்கிச் சுற்றிலுமிருந்து காற்று இழுபடும். வழக்கமாக வீசும் காற்று திடீரென்று தளர்ந்தால், அல்லது எதிர்ப்பக்கம் திரும்பினால், காற்று வரும் திசையில் தெர்மல் இருக்கிறது. உங்களை நோக்கி நகர்ந்து வருகிறது. காற்று வலுத்தால் அது உங்களைத் தாண்டிப் போய்விட்டது. தளர்ந்த நேரத்தில் எறிபவர் 70, 80 மீட்டரில் துணிந்து அணைக்கலாம். தாண்டிப் போனதைத் துரத்துபவர் திரும்பி வரவும் உயரம் வைத்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் தெர்மல் பலமாக இருக்கும், ஆனால் அதன் ஓரத்தில் இறங்கும் காற்றும் அதே பலத்தோடு இருக்கும். மதியத்துக்கு மேல் கோடை இடியும் வரும். பழக அது நல்ல பருவம் இல்லை.

இப்போது ஏற்காடு. அரை மணி நேரம் நிற்கிறது என்ற பெருமையைப் போட்டிக் கணக்கில் சேர்க்காதீர்கள். சரிவில் மோதும் காற்று மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே தூக்கும் காற்றைத் தேடும் வேலையே இல்லை. கை பழகும், கண் பழகாது. மலை விளிம்புக்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே அமுக்கும், தப்பித்து இறங்கலாம் என்றால் சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் காபித் தோட்டம்தான். மேலும் அங்கே சுமார் 1,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. அதே கிளைடர் சுமார் 8 சதவீதம் கூடுதல் வேகத்தில் இறங்கும். அங்கே பழகிய இறக்கத்தைக் கீழே சமவெளியில் அப்படியே செய்தால் குறியைத் தாண்டி மிதந்து போவீர்கள். மலைச்சரிவில் பறப்பதுதான் பிடித்திருக்கிறது என்றால் அதற்கே எஃப்3எஃப் என்று தனிப் பிரிவு உண்டு: 100 மீட்டர் தடத்தைப் பத்து முறை கடக்கும் வேகப் போட்டி.

இறக்கத்தைப் பலரும் கடைசி வேலையாக நினைக்கிறார்கள். குறியிலிருந்து ஒரு மீட்டருக்குள் மூக்கு நின்றால் 50 புள்ளி, பிறகு மீட்டருக்கு ஐந்து குறையும். அந்த 50 என்பது 100 மீட்டர் உயரத்தை மிச்சம் பிடித்ததற்குச் சமம்! தெர்மல் இல்லாத சாயங்காலத்திலும் இதைப் பழகலாம். ஃபிளாப் (இறங்கும்போது வேகத்தைக் குறைக்க இறக்கையின் பின்விளிம்பில் தாழ்த்தும் பலகை) இல்லாத ஃபோம் என்றால் நீண்டு மிதக்கும். ஆகவே கடைசித் திருப்பத்தைத் தாழ்வாகவும் தள்ளியும் எடுங்கள். ஆட்ட நேரம் முடிந்த பிறகு தொட்டாலோ, இறங்கும்போது உங்கள் மேலோ உதவியாளர் மேலோ பட்டாலோ இறக்கப் புள்ளி கிடையாது. நேரத்தை உரக்கச் சொல்லும் நண்பரை உதவியாளராக வைத்துக்கொள்ளுங்கள். கிளைடர் ஓட்டத் தெரிந்தவர் என்றால் இன்னும் நல்லது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆளில்லாமல் பறக்கும் உங்கள் கிளைடருக்கும் பொருந்தும் 2021 டிரோன் விதிகளின்படி, முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்திலும் 400 அடிக்கு, அதாவது 120 மீட்டருக்கு, மேலே உள்ள வான்வெளி மஞ்சள் மண்டலம். பறக்க விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். செயல்படும் விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த எல்லை 60 மீட்டர்தான். அதைவிட நெருங்கினால் கட்டுப்பாடு இன்னும் கடுமை. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்தில் விமானம் வந்து போகிறது என்பதால் ஓமலூர்ப் பக்கம் மைதானம் தேடுபவர்கள் யோசிக்க வேண்டும். உங்கள் ஊர் அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் நல்ல தெர்மல் கிளைடரை 120 மீட்டரைத் தாண்டித் தூக்கிவிடும். தனியாகப் பழகும்போது உயரமானிப் பதிவைப் பார்த்து அதற்குள் நில்லுங்கள். போட்டிக்குப் பணம் கட்டுமுன், அந்த நாளுக்கும் அந்த மைதானத்துக்கும் எத்தனை மீட்டர் வரை அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.