மென்-அன்-டோல் துளைக்கல்: முதுகுவலி உள்ள தாயாரை அழைத்துச் செல்லலாமா?

வாசகர் கேள்வி: இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பணிபுரிகிறேன். அக்டோபர் மாதம் ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, கார்ன்வாலில் உள்ள மென்-அன்-டோல் துளைக்கல்லைப் பார்க்க ஆசைப்படுகிறார். அந்தத் துளைக்குள் தவழ்ந்து வெளியேறினால் முதுகுவலி தீரும் என்று படித்த அம்மா, தானும் அப்படிச் செய்ய வேண்டும் என்கிறார். அவருக்கு வயது 66. முதுகுவலி நெடுநாளாக உண்டு. எப்படிப் போவது? துளைக்குள் நுழைய அனுமதி உண்டா? கல்லுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு ஒரு விளக்கு ஏற்றினால் தவறாகுமா? நம் ஊர்க் கல்திட்டைகளில் (பலகைக் கற்களால் அமைந்த பழங்கால ஈமச்சின்னங்களில்) இருக்கும் துளையும் இதுவும் ஒன்றுதானா?

பதில்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். நடக்க முடிகிற பெற்றோருக்கு இது எட்டாத இடமன்று. ஆனால் தவழ்வதையும் விளக்கையும் பற்றி நான் சொல்லப்போவது உங்கள் தாயாருக்குச் சிறிது ஏமாற்றம் தரலாம். வழியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிளிமத்திலிருந்து பென்சான்ஸ் நகருக்குக் காரிலோ ரயிலிலோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். அங்கிருந்து மாட்ரன் என்னும் சிற்றூர் வழியாக மோர்வாவுக்குச் செல்லும் குறுகிய சாலையைப் பிடிக்க வேண்டும். அந்தச் சாலையின் ஓரத்திலேயே, மாட்ரனைத் தாண்டிய பிறகு, லான்யன் குவாய்ட் என்னும் பெரிய கல்திட்டை தென்படும். அதற்கும் அப்பால் சென்றால், சில கார்கள் மட்டுமே நிறுத்தக்கூடிய சிறிய இடமும், அங்கிருந்து கிளம்பும் வண்டித்தடமும் வரும். கடலோரச் சாலையில் செல்லும் பேருந்தில் மோர்வாவில் இறங்கி நடப்பவர்களும் இருக்கிறார்கள். முதியவர்களோடு செல்பவர் அதை முயல வேண்டாம். சொந்தக் கார் இல்லையென்றால் பென்சான்ஸில் வாடகைக் கார் பேசிக்கொள்வதே நல்லது.

வண்டித்தடத்தில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஏற்றம் மிதமானதுதான், ஆனால் காலடியில் பரல் கற்களும், மழைக்குப் பின் தேங்கிய நீரும் இருக்கும். முடிவில் வலப்புறம் வேலியைக் கடந்து, புல்லும் புதரும் மண்டிய மேட்டுநிலத்தில் சிறிது தூரம் சென்றால் கற்கள் வந்துவிடும். சக்கர நாற்காலி இந்த வழியில் செல்லாது. கைத்தடி உதவும், செருப்பும் பட்டுப்புடவையும் உதவா. கழிப்பறையோ கடையோ தண்ணீரோ எதுவும் கிடையாது என்பதால், தாயார் பென்சான்ஸிலேயே கழிப்பறைக்குச் சென்று சற்று ஓய்வெடுத்த பிறகு அவரோடு புறப்படுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. கைபேசி வரைபடத்தை மட்டும் நம்பாமல், ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 102ஆம் எண் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தையும் கையில் வைத்திருங்கள்.

அக்டோபரில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது வெளிச்சம்: மாத நடுவில் மாலை ஆறரை மணியளவில் மறையும் கதிரவன், மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பிய பிறகு ஐந்து மணிக்கே மறைந்துவிடும். இரண்டாவது மூடுபனி: அட்லாண்டிக் கடலிலிருந்து எழும் அது, தெளிவாக இருந்த மேட்டுநிலத்தைச் சிறிது நேரத்திலேயே மறைத்துவிடக்கூடியது. காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையே சென்று திரும்புவது முதியவர்களுக்கு ஏற்றது. பெரணிச் செடிகளுக்குள் உட்கார வேண்டாம். லைம் நோயைப் பரப்பக்கூடிய உண்ணிகள் அங்கே இருக்கும். திரும்பியதும் கணுக்கால், முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கல்லைப் பற்றி. தொல்காலத்தில் நட்டு நிறுத்திய கல்லைக் குறிக்கும் நெடுங்கல் என்ற சொல்லைக் கேட்டு ஆளுயரத்துக்கு மேல் எதையோ எதிர்பார்த்துச் செல்பவர்கள் பலர். இங்கே இருப்பவை நான்கு கிரானைட் கற்கள்தான். நிற்கும் கற்கள் இரண்டும் ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம், அதாவது ஒரு பெரியவரின் மார்பளவுகூட வராது. அவற்றுக்கு நடுவே, ஆட்டுக்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தது போல, துளைக்கல் நிற்கிறது. அதன் அகலம் ஏறக்குறைய 1.3 மீட்டர், உயரம் 1.1 மீட்டர், துளையின் விட்டம் அரை மீட்டர் அளவு. நான்காவது கல் கீழே விழுந்து கிடக்கிறது. துளையின் உள்விளிம்பில் கையை வைத்துப் பார்த்தால், வெளியே உள்ள சொரசொரப்பு அங்கே மழுங்கியிருப்பது விரலுக்குத் தெரியும். கிரானைட் பாறைகளின் உச்சியில் மழைநீர் தேங்கித் தேங்கிக் குழிவது இப்பகுதியில் இயல்பு என்பதால், இத்துளையும் இயற்கையாகத் தொடங்கி, பிறகு மனிதரால் வடிவாக்கப்பட்டிருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. கற்களை நட்ட காலம் வெண்கலக் காலம் என்பது பொதுவான கருத்து. 19ஆம் நூற்றாண்டில் இங்கே தோண்டியபோது கிடைத்தது ஒரு சிக்கிமுக்கிக் கல் சில்லுதான். ஆகவே காலக்கணிப்பு பெரும்பாலும் பிற தொல்லிடங்களோடு செய்யும் ஒப்பீட்டை நம்பியே நிற்கிறது.

வரலாற்று ஆசிரியரான உங்கள் தந்தையார் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் அங்கே செல்வது பாதிப் பார்வைதான். இன்று ஒரே வரிசையில் நிற்கும் இம்மூன்று கற்களும் முன்பு அப்படி நிற்கவில்லை. வில்லியம் போர்லேஸ் என்னும் பாதிரியார் 1749இல் எடுத்த வரைபடத்தில் அவை ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளாகவே காட்டப்பட்டுள்ளன. அதற்குப் பிந்தைய காலத்தில் யாரோ கற்களை நகர்த்தியிருக்கிறார்கள். 1864இல் ஜான் தாமஸ் பிளைட் என்பவர் சுற்றுப்புறத்தில் மேலும் சில கற்களைக் கண்டு குறித்து, இவையெல்லாம் ஒரு கல்வட்டத்தின் எச்சங்களாக இருக்கலாம் என்ற கருத்துக்கு வழிவகுத்தார். பிற்காலக் கள ஆய்வுகள், புல்லுக்கடியில் புதைந்து கிடக்கும் கற்களையும் கணக்கில் சேர்த்து, சற்றேறக்குறைய இருபது கற்களைக் கொண்ட வட்டம் ஒன்று இங்கே இருந்திருக்கக்கூடும் என்ற முடிவை வலுப்படுத்தின. எனவே, துளை வழியே குறிப்பிட்ட நாளில் ஞாயிறு தோன்றுமாறு முன்னோர் அமைத்தார்கள் என்று யாராவது அடித்துச் சொன்னால், அதற்கு நான் மதிப்பளிக்க மாட்டேன். கல்லின் இருப்பிடமும் திசையுமே மாறியிருக்கும்போது அந்தக் கணக்கு எப்படி நிற்கும்? துளை வழியே மறுபுறத்து நெடுங்கல் தெரியும்படி எடுக்கப்படும் புகழ்பெற்ற ஒளிப்படமும் கடந்த சில நூற்றாண்டுகளில் உருவான காட்சிதான். அதை எடுத்துக்கொண்ட பிறகு, கற்களைச் சுற்றிப் பதினைந்து இருபது அடி விலகி நடந்து, புல்லில் லேசாக மேடு தட்டும் இடங்களைத் தேடச் சொல்லுங்கள். உங்கள் தந்தையாருக்கு அதுவே பெரிய விருந்தாக இருக்கும்.

கிருஷ்ணகிரி அருகே மல்லச்சந்திரத்து மோரல் பாறையில் உள்ள கல்திட்டைகளில் வட்டமாக வெட்டப்பட்ட இடுதுளைகளை அவர் பார்த்திருப்பார். தோற்றத்தில் ஒற்றுமை இருப்பது உண்மையே. ஆனால் இடுதுளை என்பது ஈமச்சின்னத்தின் கல்லறையை அடைக்கும் பலகைக் கற்களுள் ஒன்றில் இடப்படும் வாயில். மென்-அன்-டோலிலும் இத்துளை ஒரு கல்லறையின் வாயிலாக இருந்திருக்கலாம் என்று ஒரு கருத்து முன்வைக்கப்பட்டது, எனினும் அங்கே அறை இருந்ததற்கான தடயம் உறுதிப்படவில்லை. இரு நிலங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு இருந்ததற்கும் சான்று கிடையாது. துளையிட்ட கற்கள் உலகின் பல பகுதிகளில் தனித்தனியே தோன்றியவை. இதை வைத்துப் பொதுமூலம் தேடுவதை நான் ஏற்பதில்லை. இரண்டையும் அதனதன் மண்ணில் வைத்துப் பார்ப்பதே முறை.

தவழ்வதற்கு வருவோம். சட்டப்படி தடை ஏதும் இல்லை. பார்வையாளர்கள் நாள்தோறும் செய்கிறார்கள். வழக்கமும் பழையது. ரிக்கெட்ஸ் எனும் எலும்பு வளைவு நோய் கண்ட குழந்தைகளை உடையின்றி மூன்று முறை துளை வழியே கைமாற்றி, பிறகு புல்லின் மீது கிழக்கு நோக்கி இழுத்துச் செல்வார்கள் என்றும், முதுகு மூட்டு வலி உள்ள பெரியவர்கள் ஒன்பது முறை தவழ்வார்கள் என்றும் குறிப்புகள் உள்ளன. கல்லின் உச்சியில் இரண்டு குண்டூசிகளைக் குறுக்காக வைத்து, அவை அசைவதைக் கொண்டு குறி கேட்கும் பழக்கமும் இருந்தது. மருத்துவம் எட்டாத காலத்தில், நடக்க இயலாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த மேட்டில் ஏறி வந்த தாய்மார்களின் தவிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ரிக்கெட்ஸுக்குப் பெருங்காரணம் வைட்டமின் டி குறைபாடு என்பது 1920களிலேயே தெளிவாகிவிட்டது. வெயில் குறைந்த பிரிட்டனில் தெற்காசியரைப் போன்ற கருநிறத் தோலினர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது. அங்கேயே வசிக்கும் உங்களுக்கு இந்த அறிவுரை பொருந்தும்.

உங்கள் தாயாருக்குத் தவழ்வதை நான் பரிந்துரைக்கவில்லை. துளையின் கீழ்விளிம்பு தரையோடு தரையாக இல்லை. ஆகவே முழங்காலிட்டு, கைகளை முன்னே நீட்டி, தோளைச் சரித்து, இடுப்பை விளிம்பின் மேல் இழுத்தே வெளியேற வேண்டும். அந்த இழுப்பில் முதுகெலும்பு குனிந்தும் முறுகியும் இருக்கும். அறுபது வயதைக் கடந்த பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது பொதுவானது, அந்நிலையில் குனிந்து முறுகுவதே தண்டுவட எலும்பில் விரிசலை உண்டாக்கக்கூடும். நடுவில் பிடித்துக்கொண்டால் தூக்கிவிட அங்கே ஆளும் இருக்காது. ஊரில் அவரைப் பார்க்கும் எலும்பு மருத்துவரிடம் புறப்படும் முன்பே கேட்டு, தடையில்லை என்று அவர் சொன்னாலன்றி இதைச் செய்ய வேண்டாம். ஆசை தீர வேண்டுமென்றால், துளைக்கு முன் நின்று ஒரு கையை உள்ளே நீட்டி, மறுபுறம் நிற்கும் உங்கள் கையைப் பிடிக்கட்டும். நீங்கள் தவழ விரும்பினால், இடைக்கச்சையின் உலோகக் கொக்கி, கைக்கடிகாரம், மோதிரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். கல்லின் மேல் ஏறி உட்கார வேண்டாம்.

மஞ்சளும் குங்குமமும் விளக்கும் கூடவே கூடாது. இது 1979ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடம். சேதம் விளைவிப்பது குற்றம். சட்டத்தை விடவும் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது கல்லின் நிலை. கிரானைட் என்பது படிகக்கல் (குவார்ட்ஸ்), களிக்கல் (ஃபெல்ட்ஸ்பார்), மைக்கா போன்ற பல கனிமங்கள் சேர்ந்தது. சூடு பட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரிவதால் மேற்பரப்பு பொரிந்து உதிரும். எண்ணெய் நுண்துளைகளில் இறங்கினால் எடுக்க முடியாது. கல்லின் மேல் சாம்பலும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கும் கல்பாசி இனங்கள் மிக மெதுவாக வளர்பவை. துடைத்தால் மீண்டும் வர நெடுங்காலம் ஆகும். நாணயம், துணி நாடா, பூ, ஊதுவத்தி எதுவும் வேண்டாம். கார்ன்வாலில் தொல்லிடங்களைப் பேணும் தன்னார்வலர்கள் இவற்றைப் பொறுக்கி எடுப்பதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். கைகூப்பி வணங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

புறப்படும் நாளில் பனி மூடியிருந்தாலோ தாயாரின் வலி கூடியிருந்தாலோ பயணத்தைக் கைவிட வேண்டாம். லான்யன் குவாய்ட் வரை சென்று திரும்பலாம். சாலையிலிருந்து சில அடிகள்தான் நடை. பெரும் மூடுகல்லைத் தாங்கி நிற்கும் அந்தக் கல்திட்டை 1815இல் ஒரு புயலில் சரிந்து, 1824இல் மீண்டும் நிறுத்தப்பட்டபோது, முன்பிருந்த நான்கு கால்களுக்குப் பதில் மூன்று கால்களோடு, உயரமும் குறைந்து எழுந்தது. மல்லச்சந்திரத்தோடு ஒப்பிடுவதற்கு உங்கள் தந்தையாருக்கு அதுவே பொருத்தமான இடம் என்பேன். மென்-அன்-டோலுக்கு நடக்க முடிகிற நாளாக இருந்தாலும், திரும்பும் வழியில் அங்கே கால் மணி நேரம் நிறுத்துங்கள்.