"எங்களுக்குப் பிறகு மகனைத் தம்பி பார்த்துக்கொள்வான்": அதற்காக எவ்வளவு கடன் வாங்கலாம்?

கேள்வி: திருச்சியில் ரயில்வே பணிமனையில் வேலை. வயது 54. 1997-ல் சேர்ந்ததால் பழைய பென்ஷன் உண்டு. அடிப்படைச் சம்பளம் 47,000, கைக்கு வருவது 62,000. ஒரே மகன், 19 வயது, அறிவுசார் குறைபாடு 75 சதவீதம். சிறப்புப் பள்ளிக்கும் தெரபிக்கும் மாதம் 9,000 ஆகிறது. எங்கள் காலத்துக்குப் பிறகு இவனைப் பார்த்துக்கொள்வதாக என் தம்பி (வயது 49) சொல்லியிருக்கிறான். அவன் தொழிலுக்காக 14 சதவீத வட்டியில் 7 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன், மனைவி நகையை அடகு வைத்து 3 லட்சம் கொடுத்தேன். இப்போது லோனை டாப்-அப் செய்து இன்னும் 4 லட்சம் கேட்கிறான். வீட்டையும் அவன் பெயருக்கு எழுதி வைத்தால் நல்லது என்கிறான். மறுக்கப் பயமாக இருக்கிறது. இதற்கிடையில் வங்கியில், மகன் பெயரில் வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்டும் யூலிப் (இன்சூரன்ஸும் சந்தை முதலீடும் கலந்த திட்டம்) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: யூலிப்பைக் கடைசியில் பார்க்கலாம். "மறுக்கப் பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. தம்பிக்குக் கொடுப்பதை நீங்கள் கடனாகவே நினைக்கவில்லை. நாளைக்கு அவர் மகனைப் பார்த்துக்கொள்வதற்கு இன்றே கட்டும் தவணையாக நினைக்கிறீர்கள். அதனால்தான் திருப்பிக் கேட்கவும் முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் முடியவில்லை.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். பர்சனல் லோன் 5 வருடத்துக்கு என்றால் மாதத் தவணை சுமார் 16,300. நகைக்கடன் வட்டி வருடம் 30,000 என்று வைத்தால் மாதம் 2,500. மொத்தம் 18,800. உங்கள் மகனுக்கு ஆகும் செலவைப் போல இரண்டு மடங்கு அவன் பெயரைச் சொல்லித் தம்பிக்குப் போகிறது! இதே 18,800 ஓய்வு பெறும்வரை 6 வருடம் 7 சதவீத ஆர்.டி.யில் போனால் 16 லட்சத்துக்கு மேல் சேரும். டாப்-அப் போட்டால் 60 வயதுக்குப் பக்கத்தில் வரும்போதும் கடன் கழுத்தில் இருக்கும். அதோடு ஒன்றை யோசித்தீர்களா? உங்கள் மகனுக்கு 40 வயதாகும்போது தம்பிக்கு 70. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த வயதில் அவரையே யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்தை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவே இல்லை. உங்களுக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும். மனைவிக்கும் பிறகு, சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத மாற்றுத்திறனாளி மகனுக்கு அது ஆயுள் முழுக்க வரும், மற்ற மகன்களுக்கு 25 வயதில் நிற்பதுபோல் நிற்காது. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். இன்றைய 47,000-க்கே 14,100, அதற்கு மேல் அகவிலைப்படி. அவன் யார் கையையும் எதிர்பார்த்து நிற்கப் போகிறவன் இல்லை, சாகும்வரை மாத வருமானம் உள்ளவன். ஆனால் இது தானாக நடக்காது. குடும்ப விவரப் படிவத்தில் அவன் பெயரும் குறைபாடும் இருக்கிறதா என்று நாளைக்கே அலுவலகத்தில் பாருங்கள். அவனுடைய சான்றிதழ் நிரந்தரம் என்று இருக்கிறதா, சில வருடத்துக்கு மட்டுமா என்றும் பாருங்கள். ஓய்வூதிய ஆணையில் நீங்கள் இருக்கும்போதே அவன் பெயரைச் சேர்த்துவிட வேண்டும். பெற்றோர் போன பிறகு இதற்காக அலைய யாருக்குப் பொறுமை இருக்கும்?

சரி, அந்தப் பணத்தை அவனுக்காக யார் கையாள்வது? 18 வயது முடிந்தாலே பெற்றோர்கூடச் சட்டப்படி தானாகப் பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். அறிவுசார் குறைபாடு போன்றவை உள்ளவர்களின் நலனுக்காக வந்த 1999-ஆம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுதான் பாதுகாவலரை நியமிக்கும். முதலில் நீங்கள் விண்ணப்பித்துச் சான்று வாங்குங்கள். வங்கிக் கணக்குக்கும் அது செல்லுபடியாகும். எப்படி விண்ணப்பிப்பது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பிறகு உறவினர் விண்ணப்பிக்கலாம், பதிவு பெற்ற அமைப்பும் விண்ணப்பிக்கலாம். யார் வந்தாலும் 6 மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் கணக்குக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ பணத்தைச் சுருட்டினாலோ நீக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. தம்பி வாயால் சொன்ன வார்த்தைக்கு இப்படி ஒரு பிடி உண்டா? அவர் மனசு மாறினால் நீங்கள் கொடுத்த 10 லட்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

வீட்டை அவர் பெயருக்கு எழுதவே எழுதாதீர்கள். சொத்து வைத்துக்கொள்ளவும் பரம்பரைச் சொத்தைப் பெறவும் மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை உங்கள் மகனுக்கும் உண்டு என்று 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை அப்பாவே எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? மனைவி காலம்வரை அவர், பிறகு மகன் என்று உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதை நிறைவேற்றும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுக்காமல் வேறு ஒருவரிடம் கொடுங்கள்.

இனி யூலிப். உங்கள் மகனின் சம்பாத்தியத்தை நம்பி யாரும் இல்லை, அப்புறம் அவன் உயிருக்கு எதற்கு இன்சூரன்ஸ்? போதாததற்கு, ஓய்வு பெற்ற பிறகும் 4 வருடம் பென்ஷனிலிருந்து பிரீமியம் கட்ட வேண்டும். "சிறப்புக் குழந்தைத் திட்டம்" என்று அழகாகப் பெயர் வைத்து விற்றாலும் வேண்டாம். அந்தக் காசில் கடனை அடையுங்கள், 14 சதவீத வட்டி மிச்சமாவதைவிட நிச்சயமான லாபம் உங்களுக்கு வேறெங்கும் கிடைக்காது. நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் மகனைச் சேர்த்துவிட்டீர்களா? ஒரு லட்சம் வரை உண்டு, தெரபிச் செலவில் ஒரு பகுதியும் கிடைக்கும்.

தம்பியிடம் கோபப்பட வேண்டாம். "இனி என் பெயரில் லோன் கிடையாது, ஏற்கனவே உள்ள தவணையில் பாதியை அடுத்த மாதத்திலிருந்து நீ கட்டு" என்று மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அவர் கட்டாவிட்டால், நகையில் ஒரு பகுதியை விற்று நகைக்கடனை முடித்துவிட்டு மிச்ச நகையை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். மகன் மேல் உண்மையான பாசம் இருந்தால், இப்போதே மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவனைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். அவருக்கும் பழகும், பையனுக்கும் பழகும், அதற்குக் கடன் எதுவும் வாங்க வேண்டியதில்லை.