வாசகர் கேள்வி – பதில்: கல்யாணக் கார்காரருக்கு ஒரு சங்கம்

கேள்வி: கல்யாணங்களுக்கும் விமான நிலையப் பயணங்களுக்கும் இரண்டு சொகுசுக் கார்களையும் ஒரு கே.டி.எச். வானையும் வாடகைக்கு விடுகிறேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை இதே தொழிலில் பதினைந்து பேரளவில் இருக்கிறோம். ஒருவர் சொன்ன வாடகையை மற்றவர் உடைப்பதால் எல்லோருக்கும் நட்டம். சங்கம் அமைத்து ஒரே வாடகையை நிர்ணயிக்க நினைக்கிறோம். முன்பு தொடங்கிய ஒரு சங்கம் ஆறு மாதத்தில் கலைந்துவிட்டது. இம்முறை எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் பதிவு செய்வது?
– வாசகர், கல்லடி

பதில்: வாடகையிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பதினைந்து பேரில் ஒருவர் காரை முழுக்காசு கொடுத்து வாங்கியிருப்பார். இன்னொருவர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் விலை ஏறிய காலத்தில் லீசிங்கில் எடுத்து, இன்றும் மாதத் தவணை கட்டிக்கொண்டிருப்பார். இவ்விருவருக்கும் ஒரே வாடகை கட்டுப்படியாகாது. கையெழுத்து வைத்த மறுமாதமே யாராவது ஒருவர் மறைவில் குறைத்துக் கொடுப்பார், அது வெளியே தெரிந்ததும் சங்கம் முடிந்துவிடும். அதோடு, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் போட்டிக்கு எதிரான வணிக நடைமுறைகளை விசாரிக்க இடமளிக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். தொகையை விட்டுவிட்டு, கணக்குப் பார்க்கும் முறையில் ஒன்றுபடுங்கள். கிலோமீற்றர் எந்த இடத்திலிருந்து எண்ணப்படும், மண்டப வாசலில் காத்திருக்கும் நேரம் எப்போதிலிருந்து கணக்காகும், இரவு தங்கினால் சாரதியின் சாப்பாட்டுச் செலவு யாருடையது, கல்யாணம் தள்ளிப்போனால் முற்பணத்துக்கு என்ன நடக்கும் என்பவற்றை ஒரே தாளில் எழுதி எல்லோரும் ஒன்றுபோல் வாடிக்கையாளரிடம் கொடுத்தால், உங்கள் தொழிலில் எழும் சச்சரவுகளில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

சங்கத்தை உயிரோடு வைத்திருக்கப்போவது ஹயர்களை, அதாவது வாடகை ஓட்டங்களை, பகிர்ந்துகொள்வதுதான். மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கட்டாருக்குப் போகும் பிள்ளையை இறக்கிவிட்டு உங்கள் வான் வெறுமையாகத் திரும்பும் அதே காலையில், கனடாவிலிருந்து வந்திறங்கும் குடும்பத்தை ஏற்றிவர களுவாஞ்சிக்குடியிலிருந்து இன்னொரு வான் வெறுமையாகவே அங்கு போயிருக்கும். இரண்டு வாகனங்கள், இரண்டு சாரதிகள், நான்கு ஓட்டங்கள். அவற்றில் இரண்டு வெறும் ஓட்டங்கள். இந்த இரண்டையும் மிச்சப்படுத்துவது எந்தக் கட்டண நிர்ணயத்தையும் விடப் பெரிய இலாபம்.

இதே காரணத்தால் சங்கத்தை ஓர் ஊருக்குள்ளோ ஒரு சமூகத்துக்குள்ளோ அடைத்துவிடாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். மார்கழியில் தமிழர் வீடுகளில் கல்யாணம் இல்லை, நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் இல்லை. ஆவணி முகூர்த்தத்தில் மட்டக்களப்பில் கார் போதாமல் ஓடித் திரியும் நாளில் காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ ஒரு நல்ல கார் சும்மா நிற்கக்கூடும். பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் வெளிநாட்டுப் பயணிகள் கூடுவது சித்திரை தொடங்கி ஐப்பசி மழை வரும் வரைக்கும்தான். அந்த மாதங்களில் பொத்துவில்காரருக்கு உங்கள் வான் தேவைப்படும், மழைக்காலத்தில் அவருடைய வான் உங்களுக்குக் கிடைக்கும். அம்பாறை நகரத்துச் சிங்கள உரிமையாளர்களையும் அழையுங்கள். உங்களுடைய வெற்று நாள் இன்னொருவருடைய வேலை நாளாக இருக்கும்போதுதான் பகிர்வதற்கு ஏதாவது இருக்கும்.

லிமோசின் எனப்படும் சொகுசுக் கார் வாடகைத் தொழில் நன்றாக வேரூன்றிய அமெரிக்காவில் 1985 இல் தேசிய அளவில் சங்கம் தோன்றியது. நகர, மாநில மட்டத்திலும் தனிச் சங்கங்கள் இருக்கின்றன. தன்னால் ஓட முடியாத வேலையை மற்ற உரிமையாளருக்கு மாற்றிக் கொடுப்பது அங்கும் வழக்கம். வேலையை ஏற்றுக்கொண்டவர் வாடிக்கையாளரிடம் தனது தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கக் கூடாது என்ற நியதியும் அதோடு சேர்ந்தது. உங்கள் யாப்பின் முதல் பக்கத்திலேயே இதை எழுதிவிடுங்கள். இது இல்லாவிட்டால், நல்ல வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் யாரும் எந்த ஹயரையும் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள்.

முந்தைய சங்கம் ஏன் கலைந்தது என்று நீங்கள் எழுதவில்லை. வான் உரிமையாளர் சங்கம் ஒன்றின் கணக்கை நான் சில காலம் பார்த்திருக்கிறேன். நீல அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பிதான் அதன் முழு அலுவலகமும். திகதி, ஹயரைக் கொடுத்தவர், ஓடியவர், இடம், தொகை, ஓடியவர் கொடுத்தவருக்குத் தர வேண்டிய கொமிஷன், கடைசியில் அது தீர்ந்ததற்கு ஒரு கையெழுத்து என்று கோடு போட்டிருந்தது. ஒரு பக்கத்தில் அடுத்தடுத்து மூன்று வரிகளில் கொமிஷன் எழுதப்பட்டிருந்தும் கையெழுத்துக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மூன்றும் ஒரே ஆள் ஓடிய ஹயர்கள். பெரியவர் என்பதால் யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேறு இருவரும் கொடுக்காமல் விட்டார்கள், அதற்கடுத்த மாதம் கூட்டத்துக்கு ஐந்து பேர்கூட வரவில்லை. ஆகவே கொமிஷனை வாரத்துக்கு வாரம் தீர்க்க வேண்டும், தீர்க்காதவருக்கு அடுத்த ஹயர் இல்லை, தலைவருக்கும் இதே விதி என்று எழுதி வையுங்கள். சந்தாப் பணம் வங்கியில் இருக்கட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்கலாம் என்றிருக்கட்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் கணக்கைக் கொப்பியைப் பார்த்து உரக்க வாசியுங்கள். கூட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை மாலை நல்லது, முகூர்த்தம் இல்லாத நாள். இடம் களுவாஞ்சிக்குடி என்றால் இரு பக்கத்தாருக்கும் இடைவழி.

பதிவு கடினமானதல்ல. தொழிற்சங்கமாகப் பதிவதாயின் 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கங்கள் கட்டளைச்சட்டத்தின் கீழ் விண்ணப்பத்தில் ஆகக் குறைந்தது ஏழு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். சங்கம் தொடங்கிய மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவும் (உறுப்பினர் ஒவ்வொருவரும் குறித்த ஒரு தொகைக்கு மட்டும் பொறுப்பேற்கும் கம்பனி) பதியலாம்; ஆனால் அதற்குரிய ஆண்டறிக்கையும் கணக்காய்வும் பதினைந்து பேருக்குப் பெரிய சுமை. ஏழு பேருடன் தொடங்குங்கள். இப்போதே அவசரத்துக்கு ஒருவரையொருவர் தொலைபேசியில் கூப்பிடுகிற ஏழு பேராக அவர்கள் இருக்கட்டும். மற்ற எட்டுப் பேரும், கட்டுநாயக்காவிலிருந்து வெறுமையாக வராத வான்களைப் பார்த்துத் தாமாக வருவார்கள்.

கேள்வி: என் கணவரின் இரண்டு கார்களை அவர் வெளிநாடு போன பின் நானே வாடகைக்கு விடுகிறேன். சங்கத்தில் சேரக் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதி கேட்கிறார்கள். அது அவசியமா?
– வாசகி, ஏறாவூர்

பதில்: மிகவும் அவசியம், சகோதரி. பத்திரத்தை எடுத்து, வாகனத்தின் பாவனை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். சொந்தப் பாவனை என்றிருந்து, வாடகை ஓட்டத்தில் விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும். தவணைப் பணம் சற்றுக் கூடினாலும் வாடகைப் பாவனைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பல வாகனங்களுக்குச் சேர்த்து ஒரே நிறுவனத்திடம் சலுகை கேட்டுப் பேசுவதற்கும் சங்கத்தால் முடியும். உங்களிடம் பிரதி கேட்பவர்கள் அதையும் செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் கேளுங்கள்.

கேள்வி: நான் சம்பளத்துக்கு ஓடும் சாரதி. முதலாளிமார் தொடங்கும் சங்கத்தில் எங்களையும் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: உரிமையாளரும் சாரதியும் ஒரே மேசையில் இருப்பது நல்லது, ஒரே வாக்குப் பட்டியலில் இருப்பது வேறு விடயம். உங்கள் சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதியாக முதலாளி 12 வீதமும் நீங்கள் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியாக முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். இதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கப்படுபவர்களே பெரும்பான்மையாக இருந்தால் உங்கள் குரல் எழாது. சாரதிகள் தனியாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டு, உரிமையாளர் சங்கத்தின் கூட்டத்துக்கு இரண்டு பிரதிநிதிகளை அனுப்புங்கள். முதற் கூட்டத்தில் ஓய்வைப் பற்றிப் பேசுங்கள். இரவு முழுவதும் ஓடிக் கட்டுநாயக்காவில் ஆளை இறக்கிய சாரதி, எத்தனை மணித்தியாலம் படுத்தெழும்பிய பிறகு திரும்பும் பயணத்தை ஏற்க வேண்டும், எங்கே படுப்பது, அந்த அறைக் காசு யாருடையது என்பதை இரு சங்கங்களும் எழுத்தில் வைக்க வேண்டும். ஹபரணைப் பக்கத்தில் யானை குறுக்கிடும் வீதியில் நித்திரைக் கண்ணோடு வருபவர் நீங்கள். மணித்தியாலத்தை முதலில் சொல்ல வேண்டியவரும் நீங்களே.